புறப்படும் உரிமை: தஞ்சை நெல்வயலிலிருந்து வடக்கே சென்ற உத்தியோகம்

ஊரைவிட்டுப் பிழைக்கப் போவது வானம் பார்த்த பூமிக்காரர்களின் தலையெழுத்து என்றும், ஆறு பாயும் நாட்டில் அதற்கு அவசியமில்லை என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் சென்னை மாகாணத்தின் நெற்களஞ்சியமாக இருந்த பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்தே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி தொடங்கிப் பல தலைமுறைகள் சென்னைக்கும், பின்னர் பம்பாய், கல்கத்தா, தில்லி ஆகிய நகரங்களுக்கும் உத்தியோகம் தேடிச் சென்றன. இதற்கான காரணத்தை அந்த நகரங்களில் தேடுவதைவிட, காவிரிப் படுகையின் நில உரிமை முறையில் தேடுவதே பொருந்தும். போவதா, இருப்பதா என்று ஒரு குடும்பம் கூடிப் பேச வேண்டுமானால், போனவர் திரும்பி வந்தால் தங்க ஒரு வீடும், அவர் இல்லாதபோதும் நெல் வந்து சேரும் ஓர் ஏற்பாடும் இருந்தாக வேண்டும். அவ்விரண்டும் அங்கே ஒரு சாராருக்கு மட்டுமே இருந்தன.

மிராசு என்பது கிராமத்து நிலத்தின் மீதும் அதன் பொது வருமானங்களின் மீதும் வழிவழியாக வந்த பங்குரிமை. அதை உடையவர் மிராசுதார். 1799இல் தஞ்சை அரசின் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்ட பின்னரும் இந்த உரிமை பெரும்பாலும் குலையாமல் நீடித்தது. மிராசுதார்களில் வேளாளர் முதலிய பிற சாதியினரும் உண்டு எனினும், ஆற்றங்கரை அக்கிரகாரங்களைச் சேர்ந்த பிராமண மிராசுதார்கள் தம் கையால் ஏர் பிடிப்பதில்லை. நிலத்தை ஆண்டுக்கு இத்தனை கலம் நெல் என்று பேசிக் குத்தகைக்கு விட்டனர். அல்லது விளைந்ததைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரத்துக்கு விட்டனர். அல்லது பண்ணையாட்களை வைத்துக் காரியஸ்தரின் மேற்பார்வையில் சாகுபடி செய்வித்தனர். ஆகவே உடையவர் ஊரில் இல்லாவிட்டாலும் குறுவையும் சம்பாவும் தாளடியும் நடந்தன. நிலத்தை விடாமலே ஊரை விட்டுப் போக முடிந்தது என்பதே இவ்வரலாற்றின் மையமான உண்மை.

முதலில் போனவர்கள் பெரிய பதவிகளுக்குப் போனவர்கள். 1828இல் கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ் திருவிதாங்கூரிலும் இந்தூரிலும் பரோடாவிலும் அடுத்தடுத்துத் திவானாக இருந்தார். அதே ஆண்டில் பிறந்த அ. சேஷையா சாஸ்திரி திருவிதாங்கூருக்கும் புதுக்கோட்டைக்கும் திவானானார். 1854இல் தோன்றிய கும்பகோணம் கல்லூரி ஆங்கிலக் கல்வியை மிராசுதார் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. 1861இல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கிப் பயணத்தின் சிரமத்தைக் குறைத்தது. 1880இல் அஞ்சல் துறை தொடங்கிய மணியார்டர் முறை, தூரத்திலிருந்து குடும்பத்தைத் தாங்குவதைச் சாத்தியமாக்கியது. திவான்களைப் பற்றி நூல்கள் உண்டு. அவர்களுக்குப் பின்னால் பெருந்தொகையாகச் சென்ற குமாஸ்தாக்களைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

1911இல் தலைநகரைத் தில்லிக்கு மாற்றும் அறிவிப்பு வந்தபின் மத்தியச் செயலகத்துக்கும், வணிகம் பெருகிய பம்பாய், கல்கத்தா கம்பெனிகளுக்கும் ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதத் தெரிந்தவர்கள் ஏராளமாகத் தேவைப்பட்டனர். தட்டச்சும் சுருக்கெழுத்தும் பயின்ற இளைஞருக்கு, ஏற்கெனவே அங்கிருந்த அத்திம்பேரோ ஒன்றுவிட்ட அண்ணாவோ முதல் சில மாதங்கள் தங்க இடம் கொடுத்து, வேலைக்கும் சொல்லிவைப்பது வழக்கமாயிற்று. பிராமணர்கள் வடக்கே சென்றதற்கு வகுப்புவாரி ஆணையே காரணம் என்று இன்றும் சொல்லப்படுவதுண்டு. மாகாண அரசுப் பணிகளைச் சமூகவாரியாகப் பங்கிட்ட அந்த ஆணை, 1927இல் 12 இடங்களுக்கு 2 என்ற விகிதத்தைப் பிராமணர்களுக்கு வகுத்தது. மாகாண மக்கள்தொகையில் அவர்கள் ஏறத்தாழ நூற்றுக்கு மூவரே என்பதையும் சேர்த்து நோக்கினால் அதை அநீதி என்று சொல்ல இடமில்லை. தவிர, பம்பாய் மாதுங்காவிலும் தில்லியிலும் தமிழர் குடியிருப்புகள் அதற்கு முன்பே உருவாகத் தொடங்கிவிட்டன. தில்லியில் தமிழ்க் குழந்தைகளுக்கான பள்ளி 1923இலேயே ஏற்பட்டது. ஆணை அந்த ஓட்டத்தைக் கூட்டியிருக்கலாம், தொடங்கிவைக்கவில்லை. 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை வீழ்ந்து, நிலவரியான கிஸ்தியைக் கட்டவே நெல் விற்ற பணம் போதாத நிலை வந்தபோது, மாதச் சம்பளத்தின் அருமை அக்கிரகாரங்களுக்கு விளங்கியது.

யார் போவது என்ற முடிவு பெரும்பாலும் போகிறவரின் கையில் இல்லை. பாகம் பிரியாத குடும்பத்தில் நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு மகன் ஊரில் நிறுத்தப்பட்டார். படிப்பு ஏறிய மற்றவர்கள் அனுப்பப்பட்டனர். மனைவி குழந்தைகள், சர்க்கார் குவார்ட்டர்ஸ் கிடைக்கும் வரை மாமனார் வீட்டில் இருந்தனர். அவர்கள் சம்மதம் கேட்கப்பட்டதாக எந்தப் பதிவும் எளிதில் கிடைப்பதில்லை. மீட்டர் கேஜ் வண்டியில் எழும்பூரில் இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு சென்ட்ரலுக்குப் போய் அகலப்பாதை வண்டி பிடிப்பது தில்லிப் பயணத்தின் மாறாத பகுதியாக இருந்தது. வெயில் காலத்தில் செயலகம் சிம்லாவுக்கு இடம்பெயர்ந்த நாட்களில், வாய்க்கால் கரையில் வளர்ந்த குமாஸ்தாக்கள் கம்பளிச் சட்டை வாங்கிக்கொண்டு மலையேற வேண்டியிருந்தது. தை மாதத்து அறுவடையை ஒட்டி லீவு எடுத்து வந்தவர்கள், களத்தில் மரக்காலால் நெல் அளக்கப்படுவதை, பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்ற கணக்கில், உடனிருந்து பார்த்துவிட்டுத் திரும்பினர்.

நிலத்தின் மீதான அந்தப் பிடி நாளடைவில் தளர்ந்தது. 1952இல் தஞ்சாவூர்ச் சாகுபடியாளர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1956இல் நியாயக் குத்தகைச் சட்டம், 1961இல் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர், அதாவது சுமார் நாலரை வேலி, என்று வரம்பு கட்டிய நில உச்சவரம்புச் சட்டம் என அடுத்தடுத்து வந்தவை, தொலைவில் இருந்தபடி நிலம் வைத்திருப்பதை லாபமற்றதாக்கின. 1950களின் தொடக்கத்தில் இம்மாவட்டத்துக் கிராமங்களில் தங்கி ஆய்ந்த கேத்லீன் காஃப், 1960களின் தொடக்கத்தில் ‘ஸ்ரீபுரம்’ எனப் புனைபெயரிட்ட கிராமத்தில் தங்கிய ஆந்த்ரே பெத்தேய் ஆகிய மானிடவியலாளர் இருவருமே, அக்கிரகாரத்தார் நகரங்களுக்குப் பெயர்வதையும் நிலம் கைமாறுவதையும் பதிவு செய்தனர். நிலத்தை விற்றபின் போனவர்களுக்குத் திரும்பும் வழி இல்லாமற் போயிற்று. அதுவரை தற்காலிகமாக இருந்த முடிவு அப்போதுதான் நிரந்தரமானது.

இந்தத் தெரிவு எதுவும் இல்லாத மக்களையும் அதே கிராமங்களில் காண வேண்டும். 1843இல் அடிமை முறைக்குச் சட்ட ஆதரவு நீங்கிய பின்னும், கலியாணச் செலவுக்கு வாங்கிய முன்பணம் ஒரு பண்ணையாளை மிராசுதாரிடம் ஆயுள் முழுதும் கட்டிப்போடப் போதுமானதாக இருந்தது. அவருடைய குடிசை நின்ற மனையும் மிராசுதாருக்கே சொந்தம் என்பதால், வேறு வேலைக்குப் போவது குடும்பத்தோடு குடிசையை இழப்பதாகும். அந்நிலையிலும் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் மலாயா ரப்பர்த் தோட்டங்களுக்கும் சென்றனர். அவர்களை அழைத்துச் சென்றவர்கள் கங்காணிகள், அதாவது தோட்டத்துக்காக ஆள் சேர்த்து மேய்க்கும் தலைவர்கள். உதவி பெற்றுக் கூலிகள் மலாயா செல்வதை இந்திய அரசு 1938இல் தடை செய்ததும் அந்த வழியும் அடைபட்டது. ஒருவர் தில்லிக்கு மாற்றலாகிப் போவதைச் சுற்றத்தார் பெருமையாகக் கொண்டாடிய அதே ஊரில், மற்றொருவர் அடுத்த ஊருக்கு நடவுக்குப் போவதே குற்றமாகப் பார்க்கப்பட்டது. குடியிருந்த மனையை அவரவர்க்கே உரிமையாக்கிய குடியிருப்புச் சட்டம் 1971இல்தான் வந்தது. அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வுப் போராட்டத்தின் பின்னணியில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டிருந்தனர். அந்நிகழ்வைப் பின்னணியாகக் கொண்ட ‘குருதிப்புனல்’ நாவலை, கும்பகோணத்தில் வளர்ந்து தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த இந்திரா பார்த்தசாரதி 1975இல் வெளியிட்டார். தில்லியிலிருந்து டெல்டாவுக்குத் திரும்பிய ஒருவரை அதன் நடுவில் அவர் நிறுத்தியது, இரு வரலாறுகளும் ஒன்றே என்பதை அவர் உணர்ந்திருந்ததையே காட்டுகிறது.

வடக்கே போனவர்களின் கதை கிரயப் பத்திரங்களிலும், சங்கங்களின் ஆண்டு மலர்களிலும், பேரப்பிள்ளைகள் எழுதும் குடும்ப வரலாறுகளிலும் ஓரளவு தங்கியிருக்கிறது. போக முடியாமல் நிறுத்தப்பட்டவர்களின் கதைக்கு எழுத்துச் சான்று மிகக் குறைவு. 1952க்கு முன் பண்ணையாளாக வேலை செய்தவர்கள் எவரேனும் இருந்தால், இன்று எண்பதைத் தாண்டியிருப்பார்கள். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் மாவட்டங்களின் கல்லூரி வரலாற்றுத் துறைகள் தம் மாணவர்களை அவர்கள் வாழும் தெருக்களுக்கு அனுப்பி, அம்முதியவர்கள் சொல்வதை இப்போதே ஒலிப்பதிவு செய்ய வேண்டும்.