கச்சா எண்ணெய்: உடல்நலக் கேடுகளும் கையாளும் முறையும் (கொச்சி)

கொச்சிக்கு வரும் கச்சா எண்ணெய் அம்பலமுகள் சுத்திகரிப்பு ஆலைக்கானது (இயக்கம் 1966). முன்பு எண்ணெய்க் கப்பல்கள் துறைமுகத்துக்குள்ளேயே வந்தன. துறைமுகத்திலுள்ள வில்லிங்டன் தீவின் மேற்கே மட்டாஞ்சேரி கால்வாய், கிழக்கே அக்கப்பல்கள் நின்ற எர்ணாகுளம் கால்வாய். 2007 முதல் புதுவைப்புக்கு அப்பால், நடுக்கடல் மிதவை முனையத்தில் இறக்கப்படும் எண்ணெய் கடலடிக் குழாய் வழியே கரை சேர்கிறது.

இந்த எண்ணெயைக் கையாள்வோருக்கு முதல் ஆபத்து அதன் ஆவிதான். அதிலுள்ள பென்சீன் எலும்பு மஜ்ஜையைக் கெடுக்கும். இரத்தப் புற்றுநோய் உண்டாக்கும். கந்தகம் மிகுந்த எண்ணெயிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் வஞ்சகமானது. முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். செறிவு பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கினால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றதே, ஆபத்து நீங்கியது என்று நம்புவது உயிருக்கே உலை. காற்றைவிடக் கனமான இவ்வாயு தொட்டியடியிலும் பள்ளங்களிலும் தேங்கும். வாயுவை அளக்காமல், சுவாசக் கருவி இல்லாமல், வெளியே காவலுக்கு ஆள் நிறுத்தாமல் தொட்டிக்குள் இறங்கக் கூடாது.

எண்ணெய் தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும் போதும். பெட்ரோலால் துடைப்பது கெட்ட பழக்கம். நனைந்த உடையை உடனே களைய வேண்டும். விழுங்கியவரை வாந்தியெடுக்க வைத்தால் எண்ணெய் நுரையீரலுக்குள் புகுந்துவிடும்.

கடலில் கசியும் எண்ணெயை அள்ளுவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கப்பல்கள் மோதிக் கசிந்த எண்ணெயைப் பலர் வாளிகளால் அள்ளினார்கள். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலில் இருந்தது கச்சா எண்ணெய் அல்ல; சுமார் 367 டன் ஃபர்னஸ் ஆயிலும் 84 டன் டீசலும்.