பகுதி எண்ணில் மறையும் பிள்ளைகள்: அரசு மேல்நிலைப் பள்ளிகளின் தேர்ச்சி விழுக்காடும் மாணவர் பின்புலமும்

2023 மார்ச் 13 அன்று தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்கியது. மொழிப்பாடம் நடந்த அந்த முதல் நாளே ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் தேர்வறைக்கு வரவில்லை. இரண்டு மாதம் கழித்து முடிவு வெளியானபோது தேர்ச்சி 94.03 விழுக்காடு என்றார்கள். தேர்வெழுதியவர்கள் 8,03,385 பேர், தேறியவர்கள் 7,55,451 பேர். வகுத்தல் சரிதான். ஆனால் பெயர் பதிந்திருந்த பள்ளி மாணவர்கள் சுமார் 8.51 லட்சம். அவர்களைப் பகுதி எண்ணாக வைத்தால் தேர்ச்சி 89-ஐக்கூட எட்டாது. வராதவர்களை ஓரிரு நாள் செய்தி பேசியது. முடிவு வந்த நாளில் அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

ஒரு பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு, அங்கே கற்பித்தல் எப்படி நடந்தது என்பதைவிட, அங்கே யார் சேர்ந்தார்கள், தேர்வு நாள்வரை யார் எஞ்சினார்கள் என்பதையே அதிகம் சொல்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். இதை ஒப்புக்கொள்ளாமல் அரசுப் பள்ளியையும் தனியார் பள்ளியையும் ஒரே பட்டியலில் நிறுத்துவது ஆய்வு முறைப்படி பிழை. அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு அது அநீதியும்கூட.

2023-இல் தேர்வறைகளில் அந்த வெற்றிடம் வெளிப்பட்டதற்குத் தனிக் காரணம் உண்டு. அவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தவர்கள் பத்தாம் வகுப்பில் இருந்தது 2020-21-ஆம் கல்வியாண்டில். கொரோனாவால் அந்த ஆண்டு பொதுத்தேர்வு இல்லை, அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டனர். வழக்கமாகப் பத்தாம் வகுப்பு என்னும் சல்லடையில் நின்றுவிடும் பிள்ளைகள் இம்முறை பெயரளவில் பன்னிரண்டாம் வகுப்புவரை வந்துவிட்டார்கள். அவர்களில் பலர் பள்ளிக்கு வருவதை எப்போதோ நிறுத்தியிருந்தாலும் வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கவில்லை. பிற ஆண்டுகளில் அதே இழப்பு ஒன்பதாம் வகுப்பிலும் பத்திலும் பதினொன்றிலுமாகச் சிதறி நடக்கிறது. சிதறியிருப்பதால் கண்ணில் படுவதில்லை.

எட்டாம் வகுப்புவரை தமிழ்நாட்டில் யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. ஆகவே அழுத்தம் முழுவதும் ஒன்பதாம் வகுப்பின் மேல் விழுகிறது. 'நூற்றுக்கு நூறு' காட்ட விரும்பும் பள்ளி, மெல்லக் கற்கும் பிள்ளையை அங்கேயே நிறுத்தலாம். பெற்றோரை அழைத்து மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். தனித்தேர்வராக எழுதட்டும் என்று அறிவுரை கூறலாம். கல்வித்துறையை அறிந்த எவருக்கும் இவை புதிய செய்தி அல்ல. தனியார் பள்ளிகளுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு: பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்தே பதினொன்றில் இடம் தருவது. அப்படி விலக்கப்பட்ட பிள்ளைக்குப் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளி கதவை அடைக்க முடியாது. ஒரு பள்ளியின் சாதனை இன்னொரு பள்ளியின் சரிவாகப் பதிவாகிறது.

அரசுப் பள்ளியில் இன்று இருப்பவர்கள் யார்? கட்டணம் கட்ட முடிந்த குடும்பங்கள் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் மெட்ரிக் பள்ளிகளுக்குப் பெயர்ந்துவிட்டன. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீடு, ஏழைகளிலும் விண்ணப்பிக்கத் தெரிந்தவர்களின் பிள்ளைகளைத் தனியார் பக்கம் அழைத்துச் சென்றது. எஞ்சியவர்களில் பெரும்பகுதியினர் கூலித் தொழிலாளர், சிறு விவசாயி வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் கணிசமானோர் ஆதிதிராவிடர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர். ஒரே வீட்டில் மகன் மெட்ரிக் பள்ளி வேனில் ஏற, மகள் அரசுப் பள்ளிக்கு நடப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். இருந்தும் 2023-இல் மாணவியர் தேர்ச்சி 96.38, மாணவர் தேர்ச்சி 91.45. கிட்டத்தட்ட ஐந்து புள்ளி வேறுபாடு. விசைத்தறியும் பனியன் கம்பெனியும் மெக்கானிக் ஷெட்டும் பதினாறு வயதுப் பையனுக்குக் கூலி தரத் தயாராக நிற்பதை விட்டுவிட்டு இந்த வேறுபாட்டைப் படிப்பார்வக் கணக்காக மட்டும் விளக்க முடியாது என்றே கருதுகிறேன்.

குடும்பப் பின்புலத்தின் எடையை அளவிட்ட முன்னோடி ஆய்வு, அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் 1966-இல் வெளிவந்த அறிக்கை. சுமார் நான்காயிரம் பள்ளிகளையும் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களையும் ஆராய்ந்து, மதிப்பெண் வேறுபாட்டைப் பள்ளி வசதிகளைவிடக் குடும்பச் சூழலே அதிகம் விளக்குகிறது என்றது. பள்ளியால் ஆவது ஒன்றுமில்லை என்று அதைப் படித்தவர்கள் தவறாகப் படித்தார்கள். கூடப் படிப்பவர்கள் யார் என்பதும் ஒரு பிள்ளையின் கற்றலைப் பாதிக்கிறது என்ற அதன் மற்றொரு முடிவே நமக்கு முக்கியம். வசதியுள்ள குடும்பங்கள் வெளியேறும்போது அரசுப் பள்ளி இழப்பது சேர்க்கை எண்ணிக்கையை மட்டுமல்ல. வகுப்பறையின் கலவையும், கேள்வி கேட்கும் பெற்றோரின் குரலும் கூடவே போய்விடுகின்றன.

பின்புலத்தின் இந்த எடையைத் தமிழ்நாடு அரசு 2020-இல் சட்டமாகவே ஏற்றது. நீட் வழியான மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரப்பட்டது. இது குறித்து ஆராய்ந்த நீதிபதி கலையரசன் ஆணையம் பரிந்துரைத்தது 10 விழுக்காடு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது தகுதி. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் இதைச் செல்லும் என்றது. பள்ளியின் வகையையே வறுமைக்கு அடையாளமாகக் கொள்கிறது இச்சட்டம். துணிச்சலான, பெரும்பாலும் சரியான முடிவு. ஆனால் அதே தெருவில் அரசு உதவிபெறும் பள்ளிக்குப் போகும் கூலித் தொழிலாளியின் மகள் இதில் வரமாட்டாள். அவளுக்கு நியாயமான குறை உண்டு.

மருத்துவச் சேர்க்கையில் பின்புலத்தை ஏற்ற அதே அரசு, முதன்மைக் கல்வி அலுவலரின் ஆய்வுக் கூட்டத்தில் அதை மறந்துவிடுகிறது. தேர்ச்சி குறைந்த பள்ளியின் தலைமையாசிரியர் எழுந்து நின்று விளக்கம் தர வேண்டும். ஷெட்டிலிருந்து ஒரு பையனை அழைத்து வந்து தேர்வெழுத வைத்தவர் அவராக இருக்கலாம். அவன் இரண்டு பாடங்களில் தவறியிருந்தால் பள்ளியின் விழுக்காடு இறங்கும். அவனை ஷெட்டிலேயே விட்டிருந்தால் இறங்கியிருக்காது.

மாற்றுக் கணக்கு கடினமானதல்ல. கல்வி மேலாண்மைத் தகவல் முறைமையில், அதாவது எமிஸில், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி எண் இருக்கிறது. பள்ளி மாறினாலும் எண் மாறுவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த நூறு பேரில் நான்காம் ஆண்டு முடிவில் எத்தனை பேர் பன்னிரண்டைத் தேறினார்கள் என்ற எண்ணைத் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு பள்ளிக்கும் வெளியிட வேண்டும், தனியார் பள்ளிகள் உட்பட. டி.சி. கொடுத்து அனுப்பிய பிள்ளை, அனுப்பிய பள்ளியின் பகுதி எண்ணிலும் நீடிக்க வேண்டும். குடும்பம் ஊர் மாறியதற்கான சான்று இருந்தால் மட்டும் விலக்கு தரலாம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ சேர்ந்தவரை இடைநின்றவராக எழுதாமல் தனிப் பத்தியில் காட்ட வேண்டும். அதற்கு அந்நிறுவனங்களின் சேர்க்கைப் பதிவும் இதே எண்ணோடு இணைய வேண்டும். பெற்றோருடன் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ வேறு மாநிலம் போகும் பிள்ளைகள் இந்த வலையிலும் நழுவுவார்கள். அவர்களுக்கு, புறப்படும் ஊரின் பள்ளியே பொறுப்பு என்று வைத்துத் தொடங்கலாம்.