எந்த வெள்ளி?

தைப்பூசத்துக்கு முந்தின நாள் விடியற்காலையில் லெபோ பினாங்கில் நின்றவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். வருஷத்தில் மீதி நாளெல்லாம் அந்தக் கதவைத் தாண்டித்தான் நாம் பிரியாணி சாப்பிடவும் புடவை வாங்கவும் போகிறோம். பக்கத்துக் கடையில் ஸ்பீக்கர் அலறும். கடைவீடுகளின் வரிசையில் அதுவும் ஒரு வீடு. சுற்றுலாப் பயணிகள் அஞ்சடியில் நின்று கதவைப் படம் பிடித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். செட்டிப்பூசத்தன்று மட்டும் அந்தத் தெரு முழுக்க அந்த வீட்டுக்குச் சொந்தமாகிவிடும். நகரத்தார் கோயில் வீடு அது. முருகனின் உற்சவர் அங்கிருந்து வெள்ளி ரதத்தில் ஏறித் தண்ணீர்மலைக்குப் புறப்படுவார்.

நான் படித்தது மெக்கானிக்கல் இஞ்சினியரிங், அதுவும் இங்கேயே, உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில்தான். வரலாறு எனக்குத் துறை இல்லை. ஆனால் ரதத்தைப் பார்த்தால் என் கண் முதலில் சாமியிடம் போகாது, சக்கரத்துக்குத்தான் போகும். 1894இல் காரைக்குடியில் செய்து கப்பலில் கொண்டுவந்த வண்டி. மரச்சட்டத்தின் மேல் வெள்ளித் தகடு. மாடு இழுக்க, ஆட்கள் பிடிக்க, நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. அது வந்தபோது ஜார்ஜ்டவுனில் மின்சார டிராம் இல்லை. பிறகு டிராம் வந்தது, தலைக்கு மேல் கம்பி வந்தது. டிராம் போய் டிராலி பஸ் வந்தது, 1961இல் அதுவும் போனது. ரதம் மட்டும் அதே பாதையில் போய்க்கொண்டிருக்கிறது. நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் பத்து வருஷம் ஓடின மெஷினுக்கே ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காமல் அல்லாடுகிறோம்.

நகரத்தார் பினாங்குக்கு வந்தது 1820களில் என்பார்கள். பிரான்சிஸ் லைட் 1786இல் கொடி நட்டு ஒரு தலைமுறைக்குச் சற்று மேல் ஆகியிருக்கும். அவர்கள் கொண்டுவந்தது பணம் மட்டுமல்ல, ஒரு முறையும்கூட. ஊரில் முதலாளி இருப்பார். இங்கே ஏஜெண்ட் மூன்று வருஷக் கணக்குக்கு வருவார், மனைவி பிள்ளைகள் இல்லாமல். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். கிட்டங்கி என்பது ஒரு நீளமான கூடம். பல கடைக்காரர்கள் வரிசையாக ஆளுக்கொரு பாய், ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டி என்று உட்கார்ந்திருப்பார்கள். அதே இடம்தான் ஆபீஸ், அதே இடம்தான் படுக்கை. இந்த உலகத்தை உள்ளேயிருந்து பார்க்க வேண்டுமானால் ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’ நாவலைப் படியுங்கள். பதினெட்டு வயதில் மேடானுக்கு வேலைக்குப் போனவர் அவர். பினாங்கில் அந்த நாவலைப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அது தனிச் சோகம்.

கோயிலுக்கு வருவோம். நகரத்தார் கணக்கில் சாமியும் ஒரு பங்காளி மாதிரிதான். பேரேட்டில் சாமி பேரில் ஒரு கணக்கு இருக்கும். வியாபாரத்திலிருந்து ‘மகமை’ என்று ஒரு சிறு பங்கு கோயிலுக்குப் போகும். அந்தக் கோயில் பணம் சும்மா உண்டியலில் கிடக்காது, அதுவும் வட்டிக்குப் போகும். ரங்கூனில் செட்டியார்கள் கோயிலில் கூடித்தான் நடப்பு வட்டியை நிர்ணயித்தார்கள். நகரத்தார் வணிகத்தைப் பற்றி எழுதிய டேவிட் ரட்னர், கோயிலையும் கடையையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டுமே புரியாது என்பதைத்தான் பக்கம் பக்கமாகக் காட்டுகிறார். தண்ணீர்மலைச் சாலையில் இடம் வாங்கி, 1857இல் தெண்டாயுதபாணிக்குக் குடமுழுக்கு நடந்ததும், ஊர் நடுவே கோயில் வீடு நிலைத்ததும், பிறகு ரதம் வந்ததும் எல்லாம் இந்த மகமையின் தொடர்ச்சி.

இங்கேதான் எனக்கு ஒரு உறுத்தல். மலேசியத் தமிழில் நாம் ரிங்கிட்டையும் ‘வெள்ளி’ என்றுதான் சொல்கிறோம். பத்து வெள்ளி, நூறு வெள்ளி. அந்தக் காலத்து டாலர் நிஜமாகவே வெள்ளிக் காசாக இருந்ததால் வந்த சொல். அப்படியானால் வெள்ளி ரதம் எந்த வெள்ளியால் ஆனது?

என் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இந்தத் தெருவைக் கடைசிவரை ‘செட்டித் தெரு’ என்றுதான் சொன்னார். பெரிய அத்தை கல்யாணத்துக்கு ஒரு கிட்டங்கியில் எண்பது வெள்ளி கடன் வாங்கினாராம். கையில் வந்தது எண்பது, புரோநோட்டில் எழுதியது நூற்று இருபது. அப்போது 1951ஆம் வருஷத்து வட்டிக்கடைச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வட்டியைக் கவனித்தது, அதனால் முதலே பெரிதாகிவிட்டது. அடைத்து முடிக்க ஆறு வருஷம். பாட்டியின் தோடு போனது போனதுதான். ஆனால் அந்த ஆறு வருஷமும் செட்டிப்பூசத்துக்கு டத்தோ கிராமட் சாலையில் நின்று ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைத்திருக்கிறார். “கடன் கொடுத்தவன் வேற, சாமி வேற” என்பாராம். அம்மா இதைப் பெருமையாகச் சொல்வார். எனக்குப் பெருமையும் வரவில்லை, கோபமும் முழுசாக வரவில்லை.

செட்டியார்களை வில்லனாக்கி முடித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் வெள்ளைக்காரன் பேங்க் ஒரு மூட்டைத் தொழிலாளிக்குக் கதவைத் திறந்திருக்குமா? சீனக் கடைக்காரருக்கும் சின்னத் தோட்டக்காரருக்கும் அரசாங்கக் குமாஸ்தாவுக்கும் அவசரத்துக்குப் பணம் கிடைத்த இடம் அந்தப் பாய்தான். அவர்களுக்கும் அடி விழுந்தது. ஜப்பான்காரன் காலத்தில் வாழைமரம் போட்ட நோட்டைக் கொண்டுவந்து பழைய கடனை அடைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. அந்தச் சிக்கலைத் தீர்க்கவே 1948இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. பர்மாவில் நிலமே கையைவிட்டுப் போனது. இங்கும் கிட்டங்கிகள் ஒவ்வொன்றாக மூடின. மிஞ்சியது கோயிலும் கோயில் வீடும்.

ஏன் அவை மட்டும் மிஞ்சின? என் கணிப்பு இது. ஜார்ஜ்டவுன் உள்நகரத்தில் பழைய கட்டடம் நின்றதற்குப் பெரிய காரணம் 1966ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். வாடகையை ஏற்ற முடியாது என்றால் வீட்டை இடித்துக் கட்ட யாருக்கு மனசு வரும்? 1999 கடைசியில் அந்தச் சட்டம் முடிந்தது. அடுத்த சில வருஷங்களில் குடியிருந்தவர்கள் சாரிசாரியாக வெளியேறினார்கள். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் ஊர் இடம்பிடித்தபோது பல வீடுகளில் கட்டடம் இருந்தது, ஆள் இல்லை. அதற்குப் பிறகும் ஆளோடு நிற்கும் இடங்களைக் கவனித்துப் பாருங்கள். கூ கொங்சி, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலின் வக்பு, நாகூர் தர்கா, இந்தக் கோயில் வீடு. எல்லாம் தனி மனிதனுக்குச் சொந்தமில்லாத சொத்து. விற்க ஆசைப்பட்டாலும் விற்க முடியாது, ஏனென்றால் சொந்தக்காரர் சாமி அல்லது முன்னோர். பத்து வருஷமாக ஹெரிட்டேஜ் ஹோட்டல் கட்டுகிறவர்கள் செய்ததைவிடத் தர்மக் கட்டளைகள் இந்த ஊருக்கு அதிகம் செய்திருக்கின்றன என்று நான் நினைக்கிறேன்.

ஆனால் தர்மம் யாருடையது என்ற கேள்வி எப்போதும் தீராது. 1905இல் பிரிட்டிஷ் அரசு முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்குச் சட்டம் கொண்டுவந்து, அடுத்த வருஷம் வாரியம் அமைத்தது. இன்றைய இந்து அறப்பணி வாரியத்தின் வேர் அது. மலையுச்சி பாலதண்டாயுதபாணி கோயிலும் குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலும் அதன் கீழ் வருகின்றன. செட்டியார் கோயில் நகரத்தார் கையிலேயே இருக்கிறது. 2017 தைப்பூசத்தில் வாரியம் தங்க ரதம் விட்டது. மாரியம்மன் கோயிலிலிருந்து வேலைச் சுமந்துகொண்டு அதுவும் தண்ணீர்மலைக்குப் போனது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் சோறு இறங்கவில்லை. “இது எல்லாருக்குமான ரதம், அது ஒரு சாதியோட ரதம்” என்றார் மாமா. “தாத்தா அறுபது வருஷம் தேங்காய் உடைச்சப்ப அவர் என்ன சாதின்னு ரதம் கேட்டுச்சா?” என்று அம்மா திருப்பிக் கேட்டார். மாமா தங்க ரதத்தின் வடம் பிடிக்கப் போனார், அம்மா வழக்கமான இடத்தில் தேங்காயோடு நின்றார்.

இரண்டு பேரும் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நகரத்தார் கோயிலின் நிர்வாகத்தில் என் தாத்தாவுக்கு ஒருநாளும் இடமில்லை, எனக்கும் இல்லை. அதே சமயம் ரதத்துக்கு முன்னால் குவிகிற தேங்காயில் பாதிக்கு மேல் சீனர்கள் உடைப்பது போல எனக்குத் தோன்றும். கையுறை போட்ட ஆட்கள் சிதறிய ஓட்டை வாரி லோரியில் கொட்டிக்கொண்டே இருப்பார்கள். இவ்வளவு வீணடிக்காதீர்கள் என்று பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் கேட்டுக்கொள்ளும், அடுத்த பூசத்தில் குவியல் குறைந்த மாதிரி தெரியாது. அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் ரதம் யாருடையது என்று பேரேட்டைப் பிரித்துச் சொல்ல முடியுமா என்று சந்தேகம் வரும்.

2021 ஜனவரியில் நடமாட்டக் கட்டுப்பாடு. ரத ஊர்வலம் இல்லை. அம்மாவை ஏற்றிக்கொண்டு வேறு ஒரு வேலையாகப் போனவன், திரும்பும்போது லெபோ பினாங் வழியாக வந்தேன். தெருவில் ஒரு மோட்டார்சைக்கிள், இரண்டு பூனை. அம்மா கண்ணாடியை இறக்கிக் கோயில் வீட்டுப் பக்கம் கும்பிட்டார். அப்புறம், “ஒங்க தாத்தா கட்டி முடிச்ச அன்னிக்கு அந்த நோட்டத் திருப்பி வாங்கிட்டு வந்தாரு தெரியுமா? கிழிச்சுப் போடல. சாமி படத்துக்குப் பின்னாடி சொருகி வெச்சிருந்தாரு” என்றார்.

அந்த நோட்டு இப்போது எங்கே என்று கேட்டேன். வீடு மாறியபோது படத்தோடு சேர்த்து யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

போன தைப்பூசத்துக்கு மறுநாள் ரதம் ஊருக்குள் திரும்பும்போது வேலை முடிந்து நேராகப் போனேன். போகிற நாளின் கூட்டம் திரும்புகிற நாளில் இருக்காது. பின்னால் நடந்துகொண்டே அச்சையும் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு திருப்பத்தில் வண்டி கொஞ்சம் இழுபட்டது, ஆட்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்து, “தம்பி, சும்மா நிக்காத, கை வை” என்றார். வைத்தேன்.