தேசக் கதையின் தண்டவாளங்கள்: ரொறன்ரோ நோக்கில் கனடிய ரயில் பாதைகளின் வரலாறு

கனடா என்ற நாட்டை உருவாக்கியதே ரயில் பாதைதான் என்பது அந்நாட்டின் பாடநூல்களிலும் அரசியல் மேடைகளிலும் நெடுங்காலமாகப் புழங்கிவரும் கூற்று. சட்ட அளவில் அதற்கு ஆதாரம் உண்டு. 1867ஆம் ஆண்டின் பிரித்தானிய வட அமெரிக்கச் சட்டத்தின் 145ஆம் பிரிவு, கிழக்குக் கரையோர மாகாணங்களையும் கியூபெக்கையும் இணைக்கும் இன்டர்கொலோனியல் பாதையை அமைப்பதை ஒன்றிய அரசின் கடமையாக்கியது. 1871இல் பிரிட்டிஷ் கொலம்பியா ஒன்றியத்தில் சேர்ந்தபோது, இரண்டு ஆண்டுகளுக்குள் வேலையைத் தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்குள் பசிபிக் கரையை எட்டும் பாதை ஒன்று வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் முதன்மையாக இருந்தது. ஆயினும் ரொறன்ரோவிலிருந்து பார்ப்பவருக்கு இவ்வரலாறு சற்று வேறு விதமாகத் தெரியும். அந்நகருக்கு நாடு பிறக்குமுன்பே ரயில் வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தவை வணிகப் போட்டியும் கடனும். ‘தேசிய’ என்ற அடைமொழி பின்னர் ஏறியது. அவ்வாறு ஏறியபின், நாட்டில் தமக்கும் பங்குண்டு என்று வாதிட வந்த பல பிரிவினர் அந்த வாதத்தை ரயில் பாதையை முன்வைத்தே நடத்தினர் என்பதை இக்கட்டுரை காட்ட முயல்கிறது.

பிரித்தானிய வட அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த முதல் ரயில் பாதை, 1836இல், மொன்றியலுக்கு எதிர்க்கரையிலிருந்த லா பிரேரியையும் சென் ஜோன் என்ற ஊரையும் இணைத்தது. அதன்பின் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை. குளிர்காலத்தில் உறைந்துவிடும் ஆறுகளையும் கால்வாய்களையும் நம்பியே வணிகம் நடந்தது. 75 மைலுக்கு மேற்பட்ட பாதைகளின் கடன்பத்திரங்களில் பாதித் தொகைக்கான வட்டிக்கு அரசே பொறுப்பேற்கும் என்று 1849ஆம் ஆண்டின் உத்தரவாதச் சட்டம் கூறிய பிறகுதான் திட்டங்கள் உயிர்பெற்றன. ரொறன்ரோவின் வணிகர்கள் தம் நகரை ஹியூரன் ஏரியுடன் இணைக்க விரும்பினர். 1851 ஒக்டோபரில் ஆளுநரின் மனைவி எல்ஜின் சீமாட்டி முதல் மண்வெட்டியைப் போட, ஒன்ராறியோ, சிம்கோ, ஹியூரன் ரயில் பாதையின் வேலை தொடங்கியது. இதற்கான இயந்திரங்களுள் ஒன்று உள்ளூரிலேயே, ஜேம்ஸ் குட் என்பவரின் வார்ப்படச் சாலையில் செய்யப்பட்டு, ‘ரொறன்ரோ’ என்று பெயரிடப்பட்டது. அதைப் பாதைவரை கொண்டுசெல்ல வழியில்லாததால், தற்காலிகத் தண்டவாளத் துண்டுகளை வீதியில் போட்டு, இயந்திரம் கடந்ததும் பின்னால் கிடந்த துண்டுகளைப் பெயர்த்து முன்னால் போட்டு, பல நாட்கள் நகர்த்தினர். 1853 மே 16 அன்று அது இன்றைய அரோரா வரை பயணிகளை இழுத்துச் சென்றது. 1855இல் பாதை கொலிங்வுட் துறைமுகத்தை அடைந்தது.

அடுத்த ஆண்டில் நடந்தது தமிழ் வாசகருக்குத் தனிப்பட்ட ஆர்வம் தரக்கூடியது. 1856 ஜூலை 1 அன்று சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டது. அவ்வாண்டு ஒக்டோபரில் கிராண்ட் ட்ரங்க் நிறுவனத்தின் ரொறன்ரோ–மொன்றியல் பாதை திறக்கப்பட்டது. இரண்டிலும் பாதையகலம், அதாவது இரு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடையேயான தூரம், ஒன்றே: 5 அடி 6 அங்குலம். கனடாவில் இது ‘மாகாண அகலம்’ எனப்பட்டது. அமெரிக்கப் படைகள் தம் ரயில்களைக் கொண்டு உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்ற அச்சமே இதற்குக் காரணம் என்று பிற்காலத்தில் அதிகம் பேசப்பட்டாலும், மொன்றியல் சரக்குகள் பொஸ்டன் பக்கம் போகாமல் போர்ட்லண்ட் துறைமுகத்துக்கே வரவேண்டும் என்ற வணிகக் கணக்கே வலுவான காரணமாகத் தெரிகிறது. எல்லையில் ஒவ்வொரு மூட்டையையும் பெட்டி மாற்றி ஏற்றும் செலவு தாங்காமல் 1870களின் முற்பகுதியில் கிராண்ட் ட்ரங்க் அமெரிக்க அகலமான 4 அடி 8½ அங்குலத்துக்கு மாறியது. பக்கத்து நாட்டோடு சரக்குப் பரிமாற வேண்டிய நெருக்கடி இல்லாத இந்தியாவிலும் இலங்கையிலும் பழைய அகலம் இன்றும் நிலைத்துள்ளது.

ரயில் நகரின் உருவத்தையும் மாற்றியது. 1850களில் ஏரியின் ஓரத்தை மண்ணிட்டு நிரப்பி உண்டாக்கிய எஸ்பிளனேட் என்ற கரையோரத்தை மக்கள் உலாவும் இடமாக நகரத்தார் எண்ணியிருக்க, தண்டவாளங்கள் அதை விழுங்கின. ரொறன்ரோ தன் ஏரியிலிருந்து பிரிந்து நிற்கிறது என்று இன்று எழும் முறைப்பாட்டின் வேர் இதுவே.

‘தேசியம்’ என்ற அடைமொழி முழுமையாக ஏறியது கனடியன் பசிபிக் பாதையின் மேல்தான். அதன் பிறப்பு கௌரவமானதன்று: ஒப்பந்தம் பெற விரும்பியோர் ஆளும் கட்சியின் தேர்தலுக்குப் பணம் கொடுத்தது வெளிப்பட்டு, பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட் 1873 நவம்பரில் பதவி விலகினார். மீண்டும் ஆட்சிக்கு வந்த அவர் 1881இல் புதிய நிறுவனத்துக்கு 2.5 கோடி டொலரும் 2.5 கோடி ஏக்கர் நிலமும் வழங்கினார். அந்நிலத்தில் பெரும்பகுதி ஒரு தலைமுறைக்கு முன்புவரை முதற்குடிகளும் கலப்பு மரபினரான மெற்றி மக்களும் எருமை வேட்டையாடி வாழ்ந்த சமவெளி. 1885இல் மெற்றி மக்கள் லூயி ரியெல் தலைமையில் எழுந்தபோது, ரொறன்ரோ உள்ளிட்ட கிழக்கு நகரங்களின் படைகள், சுப்பீரியர் ஏரியின் வடகரையில் தண்டவாளம் இன்னும் இணையாத இடங்களைச் சறுக்குவண்டியிலும் நடந்தும் கடந்து மேற்கே சென்றன. திவாலின் விளிம்பில் நின்ற நிறுவனத்துக்கு நாடாளுமன்றம் மேலும் கடன் அளித்தது இதன் பிறகுதான். அவ்வாண்டு நவம்பர் 7இல் மலைக் கணவாய் ஒன்றிலுள்ள கிரெய்கெலாக்கி என்ற இடத்தில் கடைசித் தண்டவாள ஆணி அடிக்கப்பட்டது. ஒன்பது நாட்கள் கழித்து ரியெல் தூக்கிலிடப்பட்டார். இவ்விரு நாட்களையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்கும் பழக்கம் கனடிய வரலாற்றெழுத்துக்கு வெகு தாமதமாகவே வந்தது.

கடைசி ஆணி அடிக்கப்பட்ட கணத்தின் நிழற்படம் கனடாவில் மிக அதிகமாக மறுபதிப்புச் செய்யப்பட்ட படங்களுள் ஒன்று. வெண்தாடியுடன் டொனால்ட் ஸ்மித் குனிந்து சுத்தியலைப் பிடித்திருக்கிறார். அவருக்குப் பின்னால் உயர்ந்த தொப்பியும் நீண்ட தாடியுமாகப் பொறியாளர் சான்ட்போர்ட் பிளெமிங் நிற்கிறார். பெரியவர்களின் இடையே ஒரு பையனின் முகம் எட்டிப் பார்க்கிறது. ஸ்மித் அடித்த முதல் ஆணி வளைந்துபோக, வேறொன்றை வைத்து அடிக்க வேண்டியிருந்தது. அந்தப் படத்தில் சீனர் எவரையும் காண முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் பிரேசர் பள்ளத்தாக்கில் பாறை உடைக்கவும் சுரங்கம் குடையவும் ஏறத்தாழ 15,000 சீனத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர். குறைந்தது 600 பேர் வெடிவிபத்திலும் பாறைச் சரிவிலும் நோயிலும் மாண்டனர். வெள்ளையருக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த கூலியே அவர்களுக்குக் கிடைத்தது. பாதை முடிந்த அதே 1885இல் சீனர் ஒவ்வொருவரும் நாட்டினுள் நுழைய 50 டொலர் தலைவரி செலுத்த வேண்டும் என்று சட்டம் வந்தது. 1903இல் அது 500 டொலரானது. 1923இல் கதவே அடைக்கப்பட்டது.

படத்திலிருந்த பிளெமிங்கின் இன்னொரு பணி உலகளாவியது. ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் சூரியன் வரும் நேரத்தையே நண்பகலாகக் கொண்டிருந்ததால் ரயில் அட்டவணைகள் குழம்பின. உலகை 24 நேர வலயங்களாகப் பிரிக்கும் யோசனையை 1879 பெப்ரவரியில் ரொறன்ரோவிலிருந்த கனடிய ஆய்வுக் கழகத்தில் அவர் முன்வைத்தார். 1883 நவம்பர் 18இல் வட அமெரிக்க ரயில்வேக்கள் வலய நேரத்துக்கு மாறின. ரயிலுக்காக நேரத்தை ஒன்றாக்கும் தேவை முதலில் இங்குதான் உணரப்பட்டது என்று கொள்வது பிழை: சென்னை வானாய்வகத்தின் நேரம் 1870 முதலே இந்திய ரயில்வேயின் பொது நேரமாக வழங்கிவந்தது.

முதல் உலகப் போரின் நெருக்கடியில் தனியார் பாதைகள் பல நொடித்தன. ரொறன்ரோவைத் தலைமையிடமாகக் கொண்டு மெக்கன்சியும் மானும் வளர்த்த கனடியன் நோர்தர்ன் அவற்றுள் ஒன்று. அரசு இவற்றை வாங்கி 1919இல் கனடியன் நஷனல் என்ற பொதுத்துறை நிறுவனத்தைச் சட்டப்படி அமைத்தது. 1923இல் கிராண்ட் ட்ரங்கும் அதில் கலந்தது. கனடியன் நஷனல், ஓடும் ரயிலில் பயணிகள் கேட்பதற்காக 1923இல் தொடங்கிய வானொலிப் பிரிவின் நிலையங்கள்தாம் பின்னர் அரசு ஒலிபரப்புக்குக் கைமாறி, 1936இல் பிறந்த சிபிசிக்கு அடித்தளமாயின. ஓவியத்திலும் இதுவே நிகழ்ந்தது. ரொறன்ரோவில் 1920இல் ‘எழுவர் குழு’ என அமைந்த ஓவியர்களில் சிலர், 1919இல் அல்கோமா சென்ட்ரல் பாதையில் ஒரு சரக்குப் பெட்டியையே வீடாக்கி, பக்கப் பாதைகளில் அது கழற்றிவிடப்பட்ட இடங்களில் தங்கி வரைந்தனர். கனடாவின் ‘கன்னி நிலம்’ என்று இன்று அருங்காட்சியகச் சுவர்களில் தொங்கும் காட்சிகளில் கணிசமானவை தண்டவாளத்திலிருந்து நடந்து எட்டக்கூடிய தொலைவில் இருந்தவை.

ரொறன்ரோவின் யூனியன் நிலையம் இந்தத் தேசக் கதைக்குக் கட்டப்பட்ட கோயில் எனலாம். 1904ஆம் ஆண்டின் பெருந்தீ வெறுமையாக்கிய நிலத்தில், கிராண்ட் ட்ரங்கும் கனடியன் பசிபிக்கும் கூட்டாக 1914இல் வேலையைத் தொடங்கின. 1920இல் கட்டடம் முடிந்தும், தண்டவாளங்களை எந்த மட்டத்தில் கொண்டுவருவது என்ற தகராறு தீராததால், வேல்ஸ் இளவரசர் வந்து திறந்துவைத்த 1927 ஓகஸ்ட் 6 வரை அது காத்துக் கிடந்தது. முகப்பில் 22 சுண்ணக்கல் தூண்கள். உள்ளே ஏறத்தாழ 76 மீற்றர் நீளமான பெருமண்டபம். அதன் வளைகூரைக்குக் கீழே, சுவரைச் சுற்றி, இரு நிறுவனங்களின் ரயில்கள் சென்ற நகரங்களின் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. 1960களின் இறுதியில் இதை இடித்துவிட்டு அலுவலகங்கள் கட்டும் மெட்ரோ சென்டர் திட்டம் வந்தது; நகரத்தார் எதிர்த்தனர்; நிலையம் தப்பியது. அத்திட்டத்தில் எஞ்சி நிறைவேறியது 1976இல் திறக்கப்பட்ட சிஎன் கோபுரம். பெயரில் உள்ள ‘சிஎன்’ தொடக்கத்தில் கனடியன் நஷனலைக் குறித்தது என்பதைக் கோபுரத்தின் அடியில் படம் எடுப்போரில் பலர் அறிவதில்லை.

யூனியன் நிலையத்தின் மண்டபத்தில் பயணிகளின் பெட்டிகளைச் சுமந்தோரும், படுக்கைப் பெட்டிகளில் இரவெல்லாம் விழித்து விரிப்பு மாற்றிக் காலணி துடைத்தோரும் பெரும்பாலும் கறுப்பினத்தவர். போர்ட்டர் எனப்பட்ட இவர்களை, படுக்கைப் பெட்டிகளைப் பெரிய தொழிலாக்கிய ஜோர்ஜ் புல்மனின் பெயரால், பயணிகள் ‘ஜோர்ஜ்’ என்றே அழைத்தனர். வெள்ளையர் சங்கம் இவர்களைச் சேர்க்க மறுத்ததால், 1917இல் வினிப்பெக்கில் தமக்கெனச் சங்கம் கண்டனர். 1945இல் கனடியன் பசிபிக் இவர்களின் சகோதரத்துவச் சங்கத்தோடு முதல் ஒப்பந்தம் செய்தது. ரொறன்ரோ கிளையின் தலைவராயிருந்த ஸ்டான்லி கிரிசில் தன் நினைவுநூலுக்கு இட்ட பெயரே ‘என் பெயர் ஜோர்ஜ் அல்ல’ என்பதாகும். 1954 ஏப்ரலில், முன்பு போர்ட்டராக வேலைபார்த்த டொனால்ட் மூரின் தலைமையில் கிரிசில் உள்ளிட்ட ஒரு குழு ஒட்டாவா சென்று, வெள்ளையரல்லாதோரைத் தடுக்கும் குடிவரவுச் சட்டத்தை எதிர்த்து மனு அளித்தது. 1962இல் இனத் தடை நீங்குவதற்கும் 1967இல் குடிவரவுத் தேர்வுக்கான புள்ளிமுறை வருவதற்கும் காரணங்கள் பல. அவற்றுள் போர்ட்டர்களின் இந்த வேலையும் ஒன்று. ஆகவே பின்னாளில் இந்நகருக்கு வந்த தமிழரின் வரலாற்றிலும் அவர்களுக்கு இடமுண்டு.

இதன் மறுபக்கமும் கவனிக்கத்தக்கது. தாய்நாட்டிலிருந்து இடைநில்லாது, ஒரே பயணச்சீட்டில் வந்தால்தான் அனுமதி என்று 1908இல் கனடா விதித்த ஒழுங்கு, இந்தியரைத் தடுப்பதற்கு ஒரு கப்பல் நிறுவனத்தின் சீட்டு விற்பனையை நிறுத்தினாலே போதும் என்ற நிலையை உண்டாக்கியது. அந்த நிறுவனம் கனடியன் பசிபிக். 1914இல் 376 பயணிகளுடன் வன்கூவர் வந்த கோமகாட்டா மாரு என்ற கப்பல் இந்த ஒழுங்கின் முன்தான் நின்றது.

1967 நூற்றாண்டு விழாவுக்காகச் சிபிசி கேட்டுக்கொள்ள கோர்டன் லைட்புட் ரயில் பற்றிய நெடும்பாடலை இயற்றினார். கனடியன் பசிபிக் பாதையைப் பற்றிய பியர் பேர்ட்டனின் இரு நூல்கள் 1970, 1971இல் வெளிவந்து, 1974இல் தொலைக்காட்சித் தொடராயின. தேசக் கனவு என்ற சொற்றொடர் வீடுதோறும் புகுந்தது இக்காலத்தில்தான். பயணிகள் ரயில் மெலிந்துகொண்டிருந்ததும் இக்காலத்தில்தான். பயணிகள் சேவையை 1978இல் வியா ரயில் என்ற அரசு நிறுவனம் ஏற்றது; 1990 ஜனவரியில் அதன் சேவைகளில் பாதி வெட்டப்பட்டது; கனடியன் நஷனல் 1995இல் தனியார்மயமானது. ரொறன்ரோவிலிருந்து வன்கூவருக்கு 4,466 கிலோமீற்றர் ஓடும் ‘கனடியன்’ ரயில், இன்று பெரும்பாலும் சரக்கு ரயிலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் சுற்றுலா வண்டி. சீனர்கள் இக்கதைக்குள் தம் பெயரை எழுதிக்கொண்டதும் இதே காலத்தில்: 1989இல் சிஎன் கோபுரத்துக்கு மேற்கே, பழைய ரயில் நிலத்தில், மரத்தாங்கிப் பாலத்தின் வடிவில் சீனத் தொழிலாளர் நினைவுச்சின்னம் எழுந்தது; தலைவரிக்காக 2006 ஜூன் 22இல் அரசு மன்னிப்புக் கேட்டபோது, அதைக் கேட்க வன்கூவரிலிருந்து ஒட்டாவாவுக்கு முதியவர்கள் ரயிலில் வந்தனர். விமானத்தில் சில மணி நேரத்தில் வந்திருக்கலாம். ரயிலைத் தேர்ந்ததில்தான் அவர்களின் வாதம் இருந்தது.

இத்தகைய உரிமைக் கதை எதுவும் தமிழருக்கு இல்லை. 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்தோர் விமான நிலையத்தில் இறங்கினர். ஆயினும் அவர்கள் குடியேறிய ஸ்காபரோவையும் மார்க்கத்தையும் ஊடறுத்துச் செல்லும் ஸ்டூவில் தடம், 1871இல் 3 அடி 6 அங்குலக் குறுகிய பாதையாக அக்ஸ்பிரிட்ஜ் வரை திறக்கப்பட்ட ரொறன்ரோ–நிப்பிசிங் ரயில் பாதை. விறகும் மரமும் ஏற்றிய அந்தத் தடத்தில் 1982 முதல் கோ ட்ரான்சிட் புறநகர் ரயில் வண்டிகள் ஓடுகின்றன; அஜின்கோர்ட்டிலும் மில்லிக்கனிலும் காலையில் ஏறுவோரில் தமிழர் கணிசம். 1990இல் இலங்கையின் யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணத்தை எட்டாது நின்று, 2014இல் மீண்டும் அங்கே சேரும்வரை இருந்த இடைவெளியில்தான் அவர்களுள் பலர் இத்தடத்தின் பயணிகளானார்கள்.

1856ஆம் ஆண்டின் ரொறன்ரோ–மொன்றியல் பாதை பெல்வில் நகருக்கு அருகே டயென்டிநாகா மோஹாக் மக்களின் நிலப்பகுதி வழியே செல்கிறது. 2020 பெப்ரவரியில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் வெட்சுவெட்டன் மக்களின் நிலத்தில் எரிவாயுக் குழாய் அமைப்பதை எதிர்த்து, மோஹாக்குகள் அங்கே தண்டவாளத்தின் அருகில் முகாமிட்டனர். நாட்டின் கிழக்குப் பாதியில் சரக்கும் பயணிகளும் இரண்டு வாரங்களுக்கு மேல் முடங்க, பெப்ரவரி 24இல் மாகாணப் பொலிசார் முகாமை அகற்றினர். 2025 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்ட ஆல்ட்டோ அதிவேக ரயில் ரொறன்ரோவிலிருந்து பீட்டர்பரோ, ஒட்டாவா, மொன்றியல் வழியாகக் கியூபெக் நகர்வரை ஏறத்தாழ 1,000 கிலோமீற்றருக்குப் புதுத் தண்டவாளம் கேட்கிறது. வழியில் உள்ள முதற்குடிகளோடு கலந்து பேசாமல் அதில் ஒரு மைலும் போட முடியாது.