குழந்தைக்காக வில்லை இறக்கி வைத்தவர்கள், அதைத் திரும்ப எடுத்தது எப்படி?

கொஞ்சம் நீண்ட இழை. பொறுமையாகப் படிங்க. குறிப்பாக வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள்.

சில வாரங்களுக்கு முன் ஒரு இளம் தாய் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கல்லூரி காலத்தில் வாலிபால் ஆடியவர். ஊசி போட்டு முடித்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார், "டாக்டர், நான் திரும்ப விளையாட முடியுமா?"

நான் பதில் சொல்வதற்குள் கூட வந்திருந்த மாமியார் முந்திக்கொண்டார். "பச்ச உடம்புக்காரி. இனிமே என்ன விளையாட்டு? புள்ளைய யாரு பாக்குறது?"

மாமியார் சொன்னதில் பாதி சரி. எந்தப் பாதி சரி, எது தவறு என்று புரிய, உங்களை ஒரு காட்டுக்குக் கூட்டிப் போகிறேன். வாங்க.

பிலிப்பைன்ஸ் நாட்டின் பெரிய தீவு லூசோன். அதன் வடகிழக்கில் சியாரா மாத்ரே மலைத்தொடர். அங்கே வாழும் பழங்குடி மக்கள் அக்டா. வேட்டை, மீன்பிடி, காட்டுக்கிழங்கு, அக்கம்பக்கத்து விவசாயிகளோடு பண்டமாற்று. இதுதான் தலைமுறை தலைமுறையாக அவர்கள் வாழ்க்கை.

இதில் என்ன விசேஷம்? ககாயன் பகுதி அக்டாக்களில் பெண்களும் வில்லும் அம்பும் எடுத்து வேட்டைக்குப் போனார்கள். முயல், எலி மாதிரி சின்ன வேட்டை என்று நினைச்சுடாதீங்க. காட்டுப்பன்றி, மான். (எல்லா அக்டா குழுக்களிலும் இந்த வழக்கம் கிடையாது. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

இதை உலகத்துக்கு விரிவாக எழுதிச் சொன்னவர்கள் மானுடவியலாளர்களான ஒரு தம்பதி. ஆக்னஸ் எஸ்டியோகோ கிரிஃபின், பயன் கிரிஃபின். 1981ல் அவர்கள் கட்டுரை வெளிவந்தபோது பல ஆய்வாளர்களுக்கு அது பெரிய ஆச்சரியம்.

ஏன் ஆச்சரியம்? கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

1966ல் அமெரிக்காவின் சிகாகோவில் ஒரு பெரிய கருத்தரங்கு நடந்தது. 1968ல் புத்தகமாகவும் வந்தது. அதன் தலைப்பே 'மனிதன் என்னும் வேட்டைக்காரன்' என்ற பொருளில்தான் இருந்தது. வேட்டை ஆணுடைய வேலை, அதுதான் மனித இனத்தை வளர்த்தது என்ற எண்ணம் அப்போது ஓங்கி இருந்தது.

1970ல் ஜூடித் பிரவுன் என்ற பெண் மானுடவியலாளர் ஒரு சிறு கட்டுரை எழுதினார். ஒரு சமூகம் எந்த வேலையைப் பெண்களிடம் பெரிதும் விடும்? குழந்தை வளர்ப்போடு ஒத்துப்போகிற வேலையை. அதாவது ஆபத்து இருக்கக் கூடாது, வீட்டை விட்டு ரொம்ப தூரம் போகக் கூடாது, நடுவில் குழந்தை அழுதால் விட்டுவிட்டுத் திரும்பத் தொடர முடியணும்.

படிக்கும்போதே தலையாட்டத் தோன்றுகிறது இல்லையா? இந்தக் கணக்குப்படி வேட்டை பெண்களுக்கு ஒத்தே வராது. ஆபத்து, தூரம், நடுவில் நிறுத்த முடியாது. மூன்றிலும் ஃபெயில்.

அப்புறம் அக்டா பெண்கள் எப்படிப் போனார்கள்?

இதைத் தெரிந்துகொள்ள மேடலின் குட்மேன் என்பவரும் கிரிஃபின் தம்பதியும் இன்னும் ஒருவரும் சேர்ந்து செய்த ஆய்வு 1985ல் வெளிவந்தது. அவர்கள் கண்ட விஷயங்களை ஒரு மருத்துவராக எனக்குப் புரிந்த மொழியில் சொல்கிறேன்.

முதலாவது, அவர்களும் விலகினார்கள். நிறைமாதம் நெருங்கும்போதும் பிரசவத்துக்குப் பின் முதல் சில மாதங்களிலும் வேட்டையை நிறுத்தினார்கள். கைக்குழந்தை வைத்திருந்த இளம் தாய்மார்கள் மற்ற பெண்களைவிடக் குறைவாகவே போனார்கள்.

இது உடம்புக்கு நியாயமான விஷயம். நிறைமாதத்தில் உடலின் சமநிலை மாறும், மூட்டுகளைப் பிடித்திருக்கும் தசைநார்கள் தளரும். அடிபட்ட பன்றி எதிர்த்துப் பாய்ந்தால் சட்டென்று விலகி ஓட முடியாது. பிரசவம் ஆன பிறகும் கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே சுமார் 6 வாரம் ஆகும். வயிற்றுத் தசை தேற இன்னும் சில மாதம். பிள்ளைக்கோ முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும்தான். மாமியார் சொன்ன சரியான பாதி இதுதான்.

இரண்டாவது, விலகியவர்கள் திரும்பினார்கள். பால் குடிக்கும் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. கொஞ்சம் வளர்ந்த பிள்ளையைப் பாட்டி, அக்கா, அப்பா என்று யாராவது பார்த்துக்கொண்டார்கள்.

மூன்றாவது, வேட்டையையே தங்களுக்கு ஏற்றமாதிரி மாற்றிக்கொண்டார்கள். ஆண்கள் பலர் தனியாகப் பதுங்கிப் போவார்கள். பெண்கள் கூட்டமாக, நாய்களோடு போவார்கள். நாய்கள் விலங்கை விரட்டி மடக்கும், இவர்கள் வீழ்த்துவார்கள்.

பலன் என்ன தெரியுமா? பெண்கள் குழு போன வேட்டைகளில் 31 சதவீதம் வெற்றி. ஆண்கள் மட்டும் போனதில் 17 சதவீதம். இருவரும் சேர்ந்து போனபோது 41 சதவீதம். உடனே 'பெண்கள்தான் கெட்டி' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நாய்க்கும் கூட்டத்துக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் அந்த வழியைத் தங்கள் வழியாக்கிக்கொண்டவர்கள் அவர்கள்.

நான்காவது, இதுதான் என்னை அசர வைத்தது. வேட்டைக்குப் போகும் பெண்களையும் போகாத பெண்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பூப்பெய்திய வயது, முதல் கர்ப்பத்தின் வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை இவற்றில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வேட்டை அவர்கள் தாய்மைக்குக் குறை வைக்கவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2023ல் ஒரு ஆய்வு, 63 சமூகங்களில் 79 சதவீதத்தில் பெண்களும் வேட்டையாடினார்கள் என்றது. வாட்ஸ்அப்பில் உங்களுக்கும் வந்திருக்கலாம். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அந்தக் கணக்கெடுப்பில் குறைகள் இருப்பதாக எழுதினார்கள். பெரும்பாலான சமூகங்களில் பெரிய விலங்கு வேட்டையில் ஆண்களே அதிகம் என்பதுதான் இன்றும் பொதுவான கருத்து. அக்டா கதைக்கு அந்த மிகைப்படுத்தல் தேவையே இல்லை. 'பெண்ணால் முடியவே முடியாது' என்ற வாதத்தை உடைக்க ஒரு சமூகம் போதும்.

ஜூடித் பிரவுன் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் பிள்ளையைத் தாய் ஒருத்தி மட்டுமே பார்த்தால்தான் அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். அக்டா முகாமில் பிள்ளையைத் தூக்கப் பல கைகள் இருந்தன.

கடைசியில் அவர்கள் வில்லுக்கு நிஜமான ஆபத்து எங்கிருந்து வந்தது? பிள்ளைப்பேற்றால் வரவில்லை. மரம் வெட்டும் நிறுவனங்களும் குடியேறியவர்களும் காட்டைச் சுருக்கினார்கள். காடு போனால் பன்றியும் மானும் எங்கே?

சரி, அந்த இளம் தாயிடம் என்ன சொன்னேன்?

"இப்ப ஓய்வு எடும்மா. முதல்ல நடை. அப்புறம் அடிவயிறு, இடுப்புத்தளத் தசைக்கான பயிற்சி. உடம்பு தேறினதைப் பரிசோதிச்சுட்டு மெதுவா ஓட்டம், கடைசியா குதிக்கிறது. மிதமா உடற்பயிற்சி பண்ணினா பால் வத்தாது, பயப்படாதே."

அப்புறம் மாமியார் பக்கம் திரும்பினேன். "அம்மா, நீங்க கேட்டது சரியான கேள்வி. புள்ளைய யாரு பாக்குறது? சாயங்காலம் ஒரு மணி நேரம் நீங்களும் உங்க பையனும் பாத்துக்கிட்டா என்ன?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு குழந்தையைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டு, "அவன் வேலைக்குப் போயிட்டு ஏழு மணிக்குத்தான் வருவான். அதுவரைக்கும் நான் பாத்துக்குறேன்" என்றார்.

பிள்ளைக்காக எதையாவது இறக்கி வைத்தவர்கள் உங்கள் வீட்டிலும் இருப்பார்கள். நடனமோ, படிப்போ, வேலையோ. அவர்களிடம் 'எப்போ திரும்பப் போறே?' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்கும்போதே குழந்தையை வாங்கக் கையையும் நீட்டுங்கள்.