கிணறு ஆழமான கதை

"சார், முன்பெல்லாம் நம்ம பக்கம் கிணற்றில் குனிந்தால் தண்ணீர் தெரியுமாமே, எப்படிப் போச்சு?" என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். பதில் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் மண்ணைப் பார்ப்போம். விழுப்புரம் மாவட்டத்தின் பெரும்பகுதி கடினப் பாறை. கிழக்கே வானூர் பக்கம் மட்டும் மணற்பாறை. திருவக்கரையில் கல்மரங்கள் கிடப்பது அந்தப் பாறையில்தான். கடினப் பாறையில் தண்ணீர் மேலடுக்கிலும் வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். ஆழமாகத் தோண்டினால் கடல்போல் நீர் கிடக்கும் என்பது வெறும் நம்பிக்கை.

அதனால்தான் நம் முன்னோர் ஏரிகளை வெட்டினார்கள். ஏரிக்கு மடை, கலங்கல், நீர் பாய்ச்ச நீர்க்கட்டி, தூர்வார குடிமராமத்து என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் பற்றிப் படித்தது நினைவிருக்கும். அந்த முறையில் சமத்துவம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். மடை காத்தவருக்குப் பெரும்பாலும் சொந்த நிலம் இருந்ததில்லை. ஆனாலும் யாருக்கு எப்போது எவ்வளவு என்ற கணக்கு ஊர் அறிய இருந்தது. ஏரி நிரம்பினால் சுற்றியுள்ள கிணறுகளும் ஊறும்.

கிணற்றிலும் ஒரு கட்டுப்பாடு தானாகவே இருந்தது. ஏற்றம் மிதித்தோ, கவலையில் மாடு பூட்டியோதான் இறைக்க வேண்டும். மாடு களைத்தால் இறைப்பு நின்றுவிடும். எனவே கிணற்று நீரில் கொஞ்சம் கேழ்வரகும் கத்தரியும் மிளகாயும், மற்ற மேட்டு நிலமெல்லாம் மானாவாரி மணிலா. 1940-ல் வெளியான டி.எம்.வி. 2 என்ற நிலக்கடலை ரகத்தின் பெயரில் உள்ள மூன்று எழுத்தும் நம் திண்டிவனத்தைக் குறிப்பவைதான். அது இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் பரவியது. மழையை நம்பி வாழத் தெரிந்த பூமி நம்முடையது.

பிறகு இயந்திரம் வந்தது. 1900-களின் தொடக்கத்திலேயே ஆல்பிரட் சாட்டர்டன் என்ற அதிகாரி சென்னை மாகாணத்தில் ஆயில் என்ஜின் வைத்து நீர் இறைத்துக் காட்டினார். சுதந்திரத்துக்குப் பிறகு மின்சாரம் கிராமங்களுக்கு வர, பம்புசெட்டுகள் பெருகின. 1959-ல் வீடூர் அணை கட்டி முடிந்தது. ஆனால் அணை நீர் எட்டாத ஊர்களே அதிகம். பசுமைப் புரட்சியின் குட்டை நெல் ரகங்களுக்கு நேரத்துக்கு நீர் தேவைப்பட்டது. அதைக் கிணறுதான் கொடுத்தது. பெரியசெவலை போன்ற இடங்களில் சர்க்கரை ஆலை வந்ததும் கரும்பும் பெருகியது.

திருவெண்ணெய்நல்லூர் அருகே உள்ள இருவேல்பட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் நடத்திய கிராம ஆய்வுகளில் அதுவும் ஒன்று. அதன்பின் 2008 வரை அறிஞர்கள் அந்த ஊரை மறுபடி மறுபடி ஆய்வு செய்திருக்கிறார்கள். நம் மாவட்டத்து ஊர் ஒன்றின் கதை உலகப் பல்கலைக்கழகங்களில் படிக்கப்படுகிறது. நம்மில் பலருக்கு அது தெரியாது!

இனி மின்சாரக் கதை. நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் 1970-களில் மின்கட்டணத்தை எதிர்த்துப் போராடினார்கள். 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் தந்தது. 1989-ல் அமைந்த கருணாநிதி அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் விரித்தது. இந்தச் சலுகையை நான் குறை சொல்லவில்லை. அது இல்லாமல் எத்தனையோ குடும்பங்கள் நிலத்தை விற்றிருக்கும். ஆனால் மாடு களைத்ததால் இருந்த கட்டுப்பாடு போன இடத்தில் வேறொரு கட்டுப்பாட்டை நாம் வைக்கவில்லை.

சட்டமும் துணை நிற்கவில்லை. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி தன் நிலத்துக்கு அடியிலுள்ள நீரை எடுப்பது நில உரிமையாளரின் உரிமை. 2003-ல் தமிழ்நாடு நிலத்தடி நீர்ச் சட்டம் இயற்றப்பட்டது. முழுமையாக நடைமுறைக்கு வராமலேயே 2013-ல் அது நீக்கப்பட்டது.

இப்போது ஒரு வீட்டுக்கணக்கு. நம் பக்கம் ஆண்டு மழை ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர். கடினப் பாறையில் அதில் பத்தில் ஒரு பங்கு நிலத்தடிக்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அது 100 மில்லிமீட்டர். ஒரு போகம் நெல்லுக்குச் சுமார் 1200 மில்லிமீட்டர் வேண்டும். பயிர்க்காலத்து மழையையும், வயலிலிருந்து திரும்ப இறங்குவதையும் கழித்தாலும், ஒரு ஏக்கர் நெல் பல ஏக்கர் நிலத்தின் ஊற்றைக் குடிக்கிறது. அந்தப் பல ஏக்கர் யாருடையது? பக்கத்து வயல்காரருடையது.

வசதி உள்ளவர் கிணற்றில் சைடு போர் போட்டார், பிறகு ஆழ்துளை போட்டு சப்மெர்சிபிள் மோட்டார் இறக்கினார். முடியாதவரின் திறந்த கிணறு வறண்டது. அவர் கடன் வாங்கி போர் போட்டார், அல்லது பக்கத்துக்காரரிடம் தண்ணீரை விலைக்கு வாங்கினார், அல்லது சென்னைக்கு வேலைக்குப் போனார். உங்களில் சிலரின் குடும்பக் கதையே இதுதான்.

வழி இல்லாமல் இல்லை. மகாராஷ்டிரத்தின் ஹிவ்ரே பஜார் கிராமத்தில் மழை ஆண்டுக்குச் சுமார் 400 மில்லிமீட்டர்தான். மழை முடிந்ததும் கிராம சபையில் நீர் வரவு செலவு பார்த்து, எந்தப் பயிர் வைக்கலாம் என்று அங்கே முடிவு செய்கிறார்கள். பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு கூடாது என்று ஊரே கட்டுப்பாடு வைத்தது. நம் ஏரி வாரியம் செய்த வேலையும் இதுதானே! மழை நம்மிடம் இரண்டு மடங்குக்கு மேல் பெய்கிறது. கணக்குதான் இல்லை.

ஏரியைத் தூர்வாருவதும் மணிலா, உளுந்து, சிறுதானியம் பக்கம் திரும்புவதும் நல்லதே. அதற்கு முன் அளக்கத் தொடங்குங்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி உங்கள் கிணற்றில் நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்று பாருங்கள். தாத்தா காலத்தில் எத்தனை அடியில் இருந்தது என்று பெரியவர்களிடம் கேளுங்கள். ஊர்ப் பெயருடன் இரண்டையும் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தொகுத்து வைக்கிறேன். அடுத்த கிராம சபையில் பேசும்போது நம் கையில் ஒரு கணக்காவது இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்