பனியில் திரும்பும் வேட்டைக்காரர்கள்



படிப்பதற்கு முன் மேலே போட்டிருக்கும் படத்தை ஒரு நிமிடம் பாருங்கள். பீட்டர் புரூகல் 1565-இல் மரப்பலகையில் தீட்டிய ஓவியம். இப்போது வியன்னாவில் இருக்கிறது.

மூன்று வேட்டைக்காரர்கள் ஊர் திரும்புகிறார்கள். ஒருவர் முகமும் நமக்குத் தெரிவதில்லை, முதுகு மட்டும்தான். நாய்கள் தலையைத் தொங்கப் போட்டு வருகின்றன. தோளில் சாய்த்த ஈட்டியில் தொங்குவது ஒரே ஒரு நரி. இத்தனை ஆளுக்கும் இத்தனை நாய்க்கும் ஒரு நரி! பக்கத்து விடுதியின் பெயர்ப் பலகையில் மட்டும் மான் இருக்கிறது. அந்தப் பலகையும் ஒற்றைக் கொக்கியில் கோணலாகத் தொங்குகிறது. புரூகலுக்கு இந்தக் குறும்பு உண்டு.

இனி மரங்களைக் கவனியுங்கள். இடப்பக்கம் வரிசையாக நின்று, சரிவோடு நம் கண்ணைக் கீழே இறக்கிவிடுகின்றன. அங்கே உறைந்த குளத்தில் ஊரே சறுக்கி விளையாடுகிறது. மேலே களைப்பு, கீழே கும்மாளம். இரண்டையும் ஒரே சரிவில் இணைத்ததுதான் இந்தப் படத்தின் உயிர் என்பேன். வானத்துக்கும் பனிக்கட்டிக்கும் ஒரே சாம்பல் பச்சை நிறம். அதனால்தான் பார்க்கும்போதே நமக்குக் குளிர்கிறது.

தூரத்து மலைகள் அந்த ஊரில் கிடையாது. நெதர்லாந்துப் பகுதி தட்டை நிலம். இளவயதில் இத்தாலிக்குப் போனபோது ஆல்ப்ஸில் பார்த்ததைக் கொண்டுவந்து நட்டுவிட்டார்.

1564-65 குளிர்காலம் ஐரோப்பாவில் மிகக் கொடியது. அதுவரை பனிக்காலக் காட்சி பெரும்பாலும் பிரார்த்தனைப் புத்தகங்களின் மாதப் பக்கங்களில், உள்ளங்கை அளவில் வரும். புரூகல் அதை ஐந்தடிக்கு மேல் அகலமாக்கினார். ஆன்ட்வெர்ப் வணிகர் யோங்கெலிங்க் கேட்டுக்கொண்டதால் வரைந்த மாதங்கள் வரிசையில் இது ஒன்று. மறு வருடமே அவர், நண்பரின் கடனுக்காகத் தம்மிடமிருந்த 16 புரூகல் ஓவியங்களை நகர நிர்வாகத்திடம் ஈடாக வைத்தார்! அடுத்த வருடம், 1567-இல், ஸ்பெயின் தளபதி ஆல்பாவின் படை அந்நாட்டுக்குள் நுழைந்தது. குளத்தில் ஆடுபவர்களுக்கு இது எதுவும் தெரியாது. வரலாறு படித்த நமக்குத்தான் மனம் கனக்கிறது.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். தூரத்தில் ஒரு வீட்டுப் புகைபோக்கி தீப்பிடித்து எரிகிறது, ஆட்கள் ஏணியோடு ஓடுகிறார்கள். சறுக்குபவர்களில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டுபிடித்தவர்கள் கீழே எழுதுங்கள்.